நடுக்கூடத்துப் பத்தாயத்தில் பூச்சி – மாத்திரை போடலாமா?

கோரையாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் கிராமம். பன்னிரண்டு வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு, அப்பா தவறிய பிறகு ஊரோடு வந்துவிட்டேன். நானே முழுக்கப் பார்த்துச் செய்த முதல் சம்பா இது.

தை கடைசியில் மிஷின் வைத்து அறுத்தோம். அறுத்த அன்றே லேசாகத் தூறல். ரோட்டில் கொட்டி இரண்டு நாள் காய வைத்தேன். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத மீட்டர் 16.8 காட்டியது, வாங்கிக்கொண்டார்கள். சரி, காய்ந்துவிட்டது என்று நினைத்து, வீட்டுக்கென்று நட்ட மாப்பிள்ளைச் சம்பாவையும் அப்படியே உள்ளே வைத்தேன். பதினாலு மூட்டை. ஆறு மூட்டை நடுக்கூடத்தில் இருக்கும் பழைய மரப் பத்தாயத்தில், எட்டு மூட்டை சாக்கோடு பக்கத்து அறையில் சுவரை ஒட்டி. அதில் இரண்டைச் சித்திரையில் அரைத்தாயிற்று. அந்த அரிசியில் ஒரு சாக்கு மிச்சம். வரப்பிலும் தரிசிலும் தெளித்த பச்சைப் பயறு நாற்பது கிலோ ஒரு நீல டிரம்மில் இருக்கிறது.

இப்போது ஆடி. சாயங்காலம் ட்யூப் லைட் போட்டால் சின்னச் சின்னப் பூச்சி சுற்றுகிறது. சாக்கைத் தூக்கினால் அடியில் வெள்ளையாக மாவு. அரிசியில் கறுப்பு வண்டு. வீட்டில் முறத்தில் போட்டுப் புடைக்கிறார்கள், அந்தப் பக்கம் தள்ளிய வண்டு இரண்டு நிமிடத்தில் ஊர்ந்து இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. பயற்றைக் கையில் அள்ளினால் மணிக்கு மணி ஓட்டை.

டவுனில் பூச்சிமருந்துக் கடையில் கேட்டேன். ஒரு அலுமினியக் குழாயில் மாத்திரை கொடுத்தார். "சாக்குக்கு ரெண்டு, பத்தாயத்துக்கு ஒரு பத்து, துணியில முடிஞ்சு உள்ள போட்டு மூடிடுங்க, ஒரு வாரத்துல ஒண்ணும் இருக்காது" என்றார். இன்னும் குழாயைத் திறக்கவில்லை. அந்தக் கூடத்தில்தான் அம்மாவும் என் இரண்டு பிள்ளைகளும் படுக்கிறார்கள், அதனால் ஒரு யோசனை. அம்மா வேப்பிலை போடு, அமாவாசைக்குக் காய வை என்கிறார். எதைச் செய்ய? இதில் ஒரு மூட்டை விதைக்கும் வேண்டும்.

பழைய குடோன்காரன் எழுதியது:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். அந்தக் குழாயைத் திறக்காதீர்கள்.

அது அலுமினியம் பாஸ்பைடு. மாத்திரை வெறும் உறைதான், கொல்வது அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு. காற்றில் இருக்கும் ஈரமே அதற்குப் போதும், தானாக வாயுவாகிவிடும். 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் வாயுவை விடும். அந்த வாயு சாக்கில் நிற்காது, மரப் பலகையில் நிற்காது, சுவர் விரிசல் வழியாகப் பக்கத்து அறைக்கும் போகும். மனிதர் உடம்பில் ஏறிவிட்டால் அதை முறிக்க மாற்று மருந்து கிடையாது. பத்து மாத்திரையைப் பத்தாயத்தில் போட்டுவிட்டு அதே கூடத்தில் பிள்ளைகளைப் படுக்க வைப்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இருபத்தெட்டு வருடம் நான் இந்த மாத்திரையோடுதான் வேலை பார்த்தேன், அதனால் சொல்கிறேன். குடோனில் அட்டியை, அதாவது மூட்டை அடுக்கை, முழுக்கப் பெரிய பாலித்தீன் உறையால் போர்த்துவோம். தரையைத் தொடும் ஓரத்தில் சுற்றிலும் மணல் பாம்பு வைப்போம், அதாவது மணல் நிரப்பிய நீளத் துணிக்குழாய். டன்னுக்கு மூன்று மாத்திரை, கதவைப் பூட்டி, மண்டையோட்டுப் படம் ஒட்டி, ஏழு நாள் ஆள் நடமாட்டம் இல்லாமல் விட்டுவிட்டு, பிறகு முகமூடியோடு போய்த் திறப்போம். சட்டப்படியும் இதை அரசுத் துறைகளும் உரிமம் உள்ள பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களும்தான், அதுவும் அங்கீகாரம் பெற்ற நிபுணர் மேற்பார்வையில்தான் பயன்படுத்தலாம். கடையில் கேட்டவர் கையில் எடுத்துக் கொடுக்கிற சரக்கு இல்லை.

குழாயைத் தண்ணீரில் போடாதீர்கள், சாக்கடையில் போடாதீர்கள், புதைக்கவும் வேண்டாம். மூடியபடியே கடைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்க மறுத்தால் வட்டார வேளாண் அலுவலகத்தில் சொல்லுங்கள். இன்று ராத்திரி அது வீட்டுக்குள் இருக்க வேண்டாம். ஈரம் படாத, பிள்ளைகள் போகாத, காற்றோட்டமான இடத்தில் வெளியே வையுங்கள்.

இனி பூச்சி. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஒன்றல்ல, நாலு ஆள் வந்திருக்கிற மாதிரி தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. அதனால் எனக்காக ஒரு வேலை செய்யுங்கள். பத்தாயத்தின் மேலிருந்து ஒரு பிடி, கையை முழங்கை வரை விட்டு ஆழத்திலிருந்து ஒரு பிடி, சாக்கின் அடியிலிருந்து ஒரு பிடி, அரிசி ஒரு பிடி, பயறு ஒரு பிடி. தனித்தனியாக வெள்ளைத் தட்டில் கொட்டி வெளிச்சத்தில் பாருங்கள். நெல்லில் நூறு மணி எண்ணி எத்தனையில் ஓட்டை, ஓட்டை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். கையை உள்ளே விடும்போது சூடு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

கோரையாற்றங்கரை எழுதியது:

ஐயா, படித்துவிட்டு எனக்கும் கை நடுங்கிவிட்டது. குழாய் இப்போது மாட்டுக்கொட்டகையைத் தாண்டி மோட்டார் ஷெட்டில் இருக்கிறது, பூட்டியாயிற்று.

பெரியவளிடம் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளும் நானும் திண்ணையில் உட்கார்ந்து இதுதான் வேலை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

பத்தாயம், மேல் பிடி: நூற்றுக்கு 11 நெல்லில் ஓட்டை. ஓட்டை நல்ல வட்டம், ஊசியால் குத்தினாற்போல. சிலதில் ஓட்டையின் வாயில் சின்ன மூடி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நெல்லை நசுக்கினால் உள்ளே காலி, உமி மட்டும். கையை விட்டபோது வைக்கோல் நிறத்தில் பூச்சி நாலைந்து பறந்தது. பிடித்துப் பார்த்தேன், பின் இறகின் ஓரமெல்லாம் நீளமான மயிர்.

பத்தாயம், ஆழத்துப் பிடி: நூற்றுக்கு 2. சூடு இல்லை.

சாக்கு அடி: மாவு கொட்டுகிறது. நூற்றுக்கு 9 போல, ஆனால் ஓட்டை தாறுமாறாக. மாவுக்குள் கரும்பழுப்பில் சின்ன வண்டு, உருளையாக, மாத்திரைக் குப்பி மாதிரி. அதற்குத் தலையே தெரியவில்லை. மகள் "இதுக்கு மண்டை இல்லப்பா" என்கிறாள். சுவரை ஒட்டிய இரண்டு சாக்கில் கையை விட்டால் வெதுவெதுப்பு.

அரிசி: கறுப்பு வண்டு, முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி மூக்கு. தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்த மாதிரி கிடக்கிறது. முதுகில் செம்மையாக நாலு புள்ளி. கூடவே தட்டையாக, செம்பழுப்பில் இன்னொரு வண்டு. அரிசியில் ஒரு மாதிரிக் காரல் வாடையும் இருக்கிறது.

பயறு: மணியின் மேல் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கிறது, நகத்தால் சுரண்டினால்தான் வருகிறது. ஒரே மணியில் மூன்று நாலு. வண்டு குட்டையாக, பழுப்பாக, இறகு பின்பக்கத்தை முழுக்க மூடவில்லை. பக்கத்திலேயே ஒரு டப்பாவில் உடைத்த பயற்றம்பருப்பு இருந்தது, அதில் ஒன்றும் இல்லை. இது ஏன் என்று புரியவில்லை.

பழைய குடோன்காரன் எழுதியது:

உங்கள் மகளுக்கு ஒரு சபாஷ். மண்டை இல்லாத வண்டு என்று அவள் சொன்னதைத்தான் நாங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாடமாகப் படித்தோம்.

ஒவ்வொன்றாக வருகிறேன். பத்தாயத்தின் மேலே இருப்பது நெல் அந்து. இது உங்கள் வீட்டில் பிறந்தது என்று நினைக்காதீர்கள், வயலிலேயே கதிரில் முட்டை வைக்கும், நெல்லோடு சேர்ந்து வீட்டுக்கு வரும். புழு ஒரு நெல்லுக்குள் புகுந்தால் அந்த ஒரு நெல்லோடு சரி, அதற்குள்ளேயே தின்று, வெளியே வரும் இடத்தில் தோலை மெல்லிசாகச் சுரண்டி மூடி மாதிரி விட்டுவிட்டுக் கூட்டுப்புழுவாகும். நீங்கள் பார்த்த மூடி அதுதான். பறக்கிற அந்து எதையும் தின்னாது, முட்டை வைக்க மட்டும்தான் அலைகிறது. குவியலுக்குள் அதனால் ஆழமாகப் போக முடியாது, அதனால்தான் மேலே 11, கீழே 2. ஆக ஆறு மூட்டையும் போகவில்லை. மேலே ஒரு முழத்தை அள்ளித் தனியாக எடுத்தால் பாதிக்கு மேல் சனி ஒழிந்தது.

சாக்கில் இருப்பவன் வேறு. அவன் பெயரே துளைப்பான். தலை இல்லாமல் இல்லை, கழுத்துக்கு அடியில் மடங்கி இருப்பதால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. வண்டும் தின்னும், புழுவும் தின்னும், தின்பதைவிடக் கொறித்துத் துப்புவது அதிகம், அதுதான் அந்த மாவு. எனக்கு நெல்லில் பயம் இவனிடம்தான். மற்றப் பூச்சிகள் நெல் நன்றாகக் காய்ந்தால் அடங்கும், இவன் ஓரளவு காய்ந்த நெல்லிலும் பிழைப்பான். எவ்வளவு ஆழத்துக்கும் போவான், மரத்தையும் துளைப்பான். வெதுவெதுப்பாக இருக்கும் அந்த இரண்டு சாக்கில் கூட்டம் மும்முரமாக இருக்கிறது. பூச்சி மூச்சு விட்டாலே சூடும் ஈரமும் வரும், அது இன்னும் பூச்சியைக் கூட்டும். அந்த இரண்டையும் இன்றைக்கே வீட்டை விட்டு வெளியே கொண்டுபோங்கள்.

அரிசியில் மூக்குக்காரன் அரிசி வண்டு, கூன்வண்டு என்றும் சொல்வார்கள். அந்த மூக்கால் மணியில் குழி பறித்து, முட்டையை வைத்து, பசை மாதிரி ஒன்றால் வாயை அடைத்துவிடும். அதனால் நீங்கள் எவ்வளவு புடைத்தாலும் அடுத்த பட்டாளம் மணிக்குள்ளேயே இருக்கிறது. முட்டையிலிருந்து வண்டாக வெளியே வர நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதம். முழு உமி இருக்கும் நெல்லில் இதற்கு அவ்வளவாக வேலை இல்லை. மிஷின் அறுப்பில் உமி வெடித்த நெல் கிடைத்தால் நுழைந்துவிடும். தட்டையான செம்பழுப்பு, மாவு வண்டு. அவன் நொய், தவிடு, மற்றவன் கொறித்துப் போட்டது, இதில்தான் பிழைக்கிறான். காரல் வாடை அவன் விடுவது.

பயறு வண்டு முட்டையை மணியின் மேல் ஒட்டும். முட்டை புதிதாக இருக்கும்போது கண்ணாடி மாதிரி, தெரியவே தெரியாது. பளிச்சென்று வெள்ளையாகத் தெரிகிறது என்றால் புழு அடிவழியாக மணிக்குள் போய்விட்டது, அதன் எச்சம் நிரம்பிய ஓடுதான் அந்த வெள்ளை. இதுவும் வயலிலிருந்தே காயோடு வரும். அதற்கு முழு மணி வேண்டும், அதன் குடித்தனமே மணிக்குள்தான். உடைத்த பருப்பில் சரிப்படாது. பயற்றையும் துவரையையும் பருப்பாக்கி வைக்கும் பழக்கத்தில் இதுவும் ஒரு லாபம்.

இதற்கெல்லாம் வாசல் திறந்துவிட்டது அந்த 16.8. கொள்முதலுக்கு 17 சதவீதம் வரை வாங்குகிறார்கள் என்பது வாங்குவதற்கான கணக்கு. வீட்டில் ஆறு மாதம் வைக்க 12, மிஞ்சினால் 13. மீட்டர் இல்லாவிட்டால் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பாகம் நெல், நன்றாகக் காய்ந்த தூள் உப்பு ஒரு கை போட்டுக் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15க்கு மேல். ஒட்டாவிட்டால் உடனே துள்ள வேண்டாம், பல்லில் கடித்தும் பாருங்கள், 'டக்'கென்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது.

அம்மா சொன்ன அமாவாசையைக் கிண்டல் செய்யாதீர்கள். அமாவாசைக்கும் பூச்சிக்கும் என்ன உறவு என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மாதம் ஒரு முறை காய வை என்று சொல்வதற்கு அதைவிட நல்ல காலண்டர் ஏது? பூச்சியின் ஒரு தலைமுறையும் கிட்டத்தட்ட அதே ஒரு மாதம். வேப்பிலை விஷயத்தில் அம்மாவோடு எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. வருகிற பூச்சியைக் கொஞ்சம் தயங்க வைக்கும், உள்ளே குடியிருப்பவனை ஒன்றும் செய்யாது. போடுவதானால் நிழலில் காய்ந்த இலை. பச்சை இலையைப் போட்டு நெல்லுக்குத் தண்ணீர் காட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

செய்ய வேண்டியது: எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். வீட்டிலிருந்து தள்ளி, களத்தில். திண்ணை ஓரத்தில் காயப் போட்டால் வெயில் ஏற ஏற வண்டு நிழலைத் தேடி நடந்து உங்கள் கூடத்துக்கே வந்துவிடும். கோழி இருந்தால் அவிழ்த்து விடுங்கள். நெல்லை ஒரே நாள் கடும் வெயிலில் வறுத்துவிடாதீர்கள், மணி விண்டு அரைக்கும்போது நொய்யாகும், காலையும் மாலையுமாக மூன்று நாலு நாள். ஆறிய பிறகுதான் உள்ளே கொட்ட வேண்டும். சூட்டோடு கொட்டினால் வியர்த்துவிடும்.

பத்தாயத்தைக் காலி செய்து பலகை பலகையாகக் கழற்றுங்கள். இடுக்கில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

வெள்ளைமெழுகு எழுதியது:

நான் ஒரு வீடியோவில் பார்த்தேன். டிரம்மில் தானியத்தைப் போட்டு மேலே ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைத்து மூடிவிட்டால் ஆக்சிஜன் தீர்ந்து பூச்சி செத்துவிடுமாம். செலவே இல்லை.

பழைய குடோன்காரன் எழுதியது:

காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜன் என்றால் அது 16 பங்கு ஆனதுமே மெழுகுவத்தி அணைந்துவிடும். வண்டுக்கு 16 தாராளம். உருப்படியாக அடங்க 5க்கும் கீழே போக வேண்டும்.

ஆனால் யோசனையின் அடிப்படை சரி. காற்றே புகாதபடி மூடினால் பூச்சியே அந்த மிச்ச ஆக்சிஜனை மூச்சு விட்டுத் தீர்த்துவிடும். சில நாளில் தின்பதை நிறுத்தும், பிறகு உடம்பில் நீர் வற்றிச் சாகும். மூன்று அடுக்குப் பைகள் இந்தக் கணக்கில்தான் வேலை செய்கின்றன. உள்ளே இரண்டு கனமான பாலித்தீன் உறை, வெளியே சாக்கு. ஆப்பிரிக்காவில் கேமரூனில் காராமணிக்காக பர்டியூ பல்கலைக்கழகத்தார் கண்டது, இப்போது நம் ஊரிலும் இந்த மாதிரிப் பை கிடைக்கிறது. மருந்தே வேண்டாம். கழுத்து வரை நிரப்பி, காற்றைப் பிதுக்கி, முறுக்கி, மடக்கிக் கட்ட வேண்டும். நாலு நாளுக்கு ஒரு தடவை திறந்து பார்த்தால் பலன் இல்லை. ஈர நெல்லை அதில் போட்டால் பூசணம்தான் மிஞ்சும். எலி ஓட்டை போட்டாலும் அதோடு சரி.

சுளகு எழுதியது:

தம்பி, நான் சாத்தூர்ப் பக்கம். நீங்க முறம்னு சொல்றதை நாங்க சுளகும்போம். நெல்லைப் பத்தி எனக்குப் பெரிசாத் தெரியாது, எங்க பூமி கரிசல், பயறு பாசின்னா சொல்லுவேன்.

உங்க பச்சைப் பயற்றை முதலில் தண்ணீரில் ஒரு பிடி போட்டுப் பாருங்கள். மிதக்கிறதெல்லாம் சொத்தை. பாதிக்கு மேல் மிதந்தால் அதன் மேல் உழைக்க வேண்டாம், மாட்டுக்கோ கோழிக்கோ போகட்டும். கால்வாசிதான் என்றால் காப்பாற்றலாம். சுளகில் நன்றாகப் புடைத்து, களத்தில் கறுப்புத் தார்ப்பாயை விரித்து, அதில் விரல் மொத்தத்துக்குப் பரப்பி, மேலே கண்ணாடி மாதிரித் தெரியும் பாலித்தீனைப் போர்த்தி, சுற்றிலும் ஓரத்தில் செங்கல் வையுங்கள். உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம், இரண்டு மூன்று நாள். உள்ளே கை வைக்க முடியாது, அவ்வளவு கொதிக்கும். மணிக்குள் இருக்கிற புழுவும் வெந்துபோகும். வெறும் வெயிலில் காயப் போட்டால் வண்டு மட்டும் ஓடும், புழு இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆறினதும் விளக்கெண்ணெய். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி. என் அம்மா உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கையும் பூசிக்கொண்டு, பயற்றைப் பிசைவது மாதிரி பிசைவார், குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற பதம். மணி மினுங்க வேண்டும், சொட்டக் கூடாது. எண்ணெய் பட்டால் முட்டை மணியில் சரியாக ஒட்டாது, ஒட்டினதும் மூச்சு முட்டிச் செத்துப் போகும். சமைக்கிறபோது கழுவிக்கொள்ளலாம்.

துவரைக்கு எங்கள் வழி வேறு, செம்மண் கட்டுவோம். செம்மண்ணைச் சலித்துத் தண்ணீர் விட்டுக் குழம்பாக்கி, துவரையை அதில் புரட்டி, ராத்திரி முழுக்கக் குவித்து வைத்துவிட்டுக் காலையில் வெயிலில் பரப்புவோம். காய்ந்தால் ஒவ்வொரு மணிக்கும் ஒரு சட்டை போட்ட மாதிரி இருக்கும். வண்டுக்கு முட்டை ஒட்ட இடம் கிடையாது, அப்புறம் திருகையில் உடைக்கும்போது தோலும் லேசாகக் கழன்றுவிடும். உங்கள் பக்கம் செம்மண் கிடைக்குமா தெரியாது, களிமண்ணில் செய்து பார்க்காதீர்கள், கட்டி கட்டியாகிவிடும்.

கல்லுமில் எழுதியது:

சின்ன மில் வைத்திருக்கிறேன், இரண்டே விஷயம். ஒன்று, மாப்பிள்ளைச் சம்பாவைத் தவிடு போகாமல் அரைத்து வாங்குகிறீர்கள், நல்லதுதான், ஆனால் தவிடுள்ள அரிசி பூச்சிக்குப் பாயசம். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள், மிச்சம் நெல்லாகவே இருக்கட்டும். உமி மாதிரி ஒரு டப்பா யாராலும் செய்ய முடியாது. பச்சரிசியைவிடப் புழுங்கல் மணி கெட்டி, கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். இரண்டு, அரிசியை மில்லில் இருந்து எடுத்து வரும் சாக்கு. எங்கள் மில்லையே சொல்கிறேன், மூலை முடுக்கில் மாவு வண்டு இல்லாத மில் கிடையாது. உங்கள் சாக்கைக் கொதிநீரில் முக்கிக் காய வைத்துக் கொண்டு வாருங்கள்.

இன்னொன்று, சிலர் அரிசியில் போரிக் பவுடர் கலக்கிறார்கள். சாப்பிடுகிற அரிசியில் அது வேண்டாம்.

கோரையாற்றங்கரை எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நாற்று விட்டு, நடவும் முடிந்தது.

முதலில் மாத்திரை. கடைக்காரர் திருப்பி வாங்கிக்கொண்டார், பணம் தரவில்லை. "எல்லாரும் இதைத்தான் போடுறாங்க" என்று மட்டும் சொன்னார்.

வெதுவெதுத்த இரண்டு சாக்கையும் களத்தில் கொட்டினோம். கோழிகளுக்கு அன்று தீபாவளி. ஆனால் அதில் அரிசி காண முடியாது என்று தெரிந்தது, அப்படியே தீவனத்துக்கு விட்டுவிட்டேன். மனசு ஆறவில்லை, நூற்றிருபது கிலோ. மிச்ச நெல்லை நாலு நாள் காய வைத்தேன். உப்பு பாட்டில் முதல் நாள் ஒட்டியது, மூன்றாம் நாள் ஒட்டவில்லை. நாலாம் நாள் அம்மா ஒரு நெல்லை வாயில் போட்டு 'டக்' என்று கடித்துக் காட்டிவிட்டு எழுந்து போனார், அதற்குப் பிறகு பாட்டிலை எடுக்கவில்லை.

பத்தாயம். ஐயா கேட்டீர்களே. மேல் பலகையைக் கழற்றியதும் அது பொருந்தும் காடியில் பழைய மாவு ஒரு விரல் கனத்துக்கு இறுகிக் கிடந்தது. ஆணியால் கீறினால் மண்டையில்லா வண்டு உயிரோடு ஓடுகிறது. போன வருட நெல்லில் இருந்தே அங்கே இருந்திருக்கிறது. அப்பா மாசியில் இந்தப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கோல் போரில் சாய்த்து வைத்துவிட்டு நாள் முழுக்க அங்கேயே இருப்பார். லீவுக்கு வந்தால் என்னையும் கூப்பிடுவார். வேலை இல்லாமல் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

எல்லாப் பலகையையும் கொதிநீர் ஊற்றித் தேய்த்து, வெயில் காட்டி, காடிகளில் சுண்ணாம்பு அடித்தோம். அறையின் சுவர் விரிசலையும் சிமெண்ட் வைத்து அடைத்தாயிற்று. மூட்டைகள் இப்போது பலகை மேல், சுவரை விட்டு இரண்டடி தள்ளி. விதைக்கு எடுத்த மூட்டையில் வசம்புப் பொடி கிலோவுக்குப் பத்து கிராம் கலந்து தனியாகக் கட்டி, 'விதை, சாப்பிடக் கூடாது' என்று மகள் கையால் எழுதி ஒட்டியிருக்கிறது. கட்டுவதற்கு முன் நூறு மணியை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தேன், 84 முளைத்தது.

பயறு தண்ணீரில் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு மிதந்தது. அக்கா சொன்ன மாதிரி தார்ப்பாய், பாலித்தீன், அப்புறம் விளக்கெண்ணெய். இருபத்தைந்து கிலோ தேறியது. இதுவரை புதிய புள்ளி இல்லை. மூன்று அடுக்குப் பை நாலு வாங்கி அதில் நெல் கட்டியிருக்கிறேன். திறந்து பார்க்கக் கை அரிக்கிறது, திறக்கவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். பத்தாயத்தில் இன்னும் பூச்சி இருக்கிறதா என்று கிளறாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?

பழைய குடோன்காரன் எழுதியது:

84 நல்ல கணக்கு. பத்தாயத்துக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் செய்த குழாய்ப் பொறி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டை போட்ட குழாய், அடியில் கூம்பு. நெல்லுக்குள் நட்டு வைத்துவிடுங்கள். வண்டுக்குக் காற்று இருக்கும் பக்கம் போகிற பழக்கம் உண்டு, ஓட்டையில் நுழைந்து கீழே விழும், திரும்ப ஏற முடியாது. வாரம் ஒரு முறை கழற்றிக் கொட்டி எண்ணுங்கள். பத்தாயத்துக்கு ஒன்று, மிச்ச சாக்குகளுக்கு ஒன்றை மாற்றி மாற்றி. கொட்டும்போது மகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், அவளுக்கு என்னைவிடக் கண் நன்றாக இருக்கிறது.

கோரையாற்றங்கரை எழுதியது:

பொறி வந்துவிட்டது. முதல் வாரம் 6, எல்லாம் மண்டையில்லாதது. இரண்டாவது வாரம் 1.

நேற்று ராத்திரி ட்யூப் லைட்டைச் சுற்றி மறுபடியும் ஒரு கூட்டம். எனக்குப் பகீரென்றது. மகள் ஸ்டூலில் ஏறி ஒன்றைப் பிடித்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இது பச்சையா இருக்குப்பா, நம்ம வீட்டுப் பூச்சி இல்ல" என்றாள். தத்துப்பூச்சி. காலையில் நடவு வயலைப் போய்ப் பார்க்க வேண்டும், அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுகிறேன்.